பாதத்துக்கும் அளவுக்கும் இடையே: பொருத்தம் பற்றிய ஒரு மெய்யியல் ஆய்வு

பொதுவான ஒரு விதி தனித்த ஒரு பொருளோடு எவ்வாறு பொருந்துகிறது என்பதும், பொருந்தாதபோது திருத்தப்பட வேண்டியது விதியா பொருளா என்பதும் மெய்யியலின் பழைய வினாக்கள். சட்டத்தையும் வழக்கையும், அறநூலையும் அதன்படி வாழ முயல்பவரையும், துறவொழுக்கத்தையும் துறவியின் உடல்நிலையையும் முன்வைத்து இவ்வினா பலமுறை ஆராயப்பட்டிருக்கிறது. அவற்றைவிடச் சிறியதும், அதனாலேயே தொடக்கம் முதல் முடிவு வரை கண்ணெதிரே வைத்து ஆராயத்தக்கதுமான ஒரு நிகழ்வு உண்டு: கம்பளி நூல் கொண்டு கையால் பின்னிய காலுறை, கணக்கில் பிழை ஏதும் இல்லாதபோதும், யாருக்காகப் பின்னப்பட்டதோ அவருடைய பாதத்தில் பொருந்தாமல் போவது. இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589இல் காலுறை பின்னும் பொறியை உருவாக்கிய பின்னரும், ஆலைக் காலுறைகள் மலிவாகக் கிடைக்கும் இன்றும், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இக்கைத்தொழில் மறையவில்லை. ஆலைக் காலுறை பல பாதங்களுக்கு ஓரளவு பொருந்தினால் போதும். கையால் பின்னியதோ ஒரே ஒருவரின் பாதத்தை நோக்கியது என்பதால், அது பொருந்தாமல் போவது அளவு என்ற கருத்தைப் பற்றியே கேள்வி எழுப்புகிறது.

காலுறை பின்னுபவர் இரண்டு அளவுகளிலிருந்து தொடங்குகிறார். முதலாவது பாதத்தின் சுற்றளவு. விரல்களுக்குச் சற்றுப் பின்னே, பாதம் மிக அகன்றிருக்கும் இடத்தில், நாடாவைச் சுற்றி இது எடுக்கப்படுகிறது. இரண்டாவது, பின்னுபவர்கள் ‘கேஜ்’ என்று சொல்லும் பின்னல் அடர்த்தி. அதாவது, குறிப்பிட்ட நூலையும் ஊசியையும் கொண்டு குறிப்பிட்ட ஒருவரின் கை பின்னும்போது 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணிகள் அமைகின்றன என்ற எண்ணிக்கை. இதை அறிவதற்காக முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, அதன்மேல் அளவுகோலை வைத்துக் கண்ணிகளை எண்ணுவது வழக்கம். பாதத்தின் சுற்றளவு 22 செ.மீ. என்றும், மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 32 கண்ணிகள் என்றும் கொண்டால், சுற்றளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 20 செ.மீ.க்கு உரிய 64 கண்ணிகளோடு பின்னல் தொடங்கும். காலுறைக்குரிய நூல் பெரும்பாலும் முக்கால் பங்கு கம்பளியும் கால் பங்கு நைலானும் கலந்த மெல்லிய நூல். ஊசியின் பருமன் 2.25 அல்லது 2.5 மி.மீ. இந்த நுண்மையில் சிறு வேறுபாடும் பெருகிவிடும். அடர்த்தி 32க்குப் பதில் 30 ஆனால், அதே 64 கண்ணிகள் 21.3 செ.மீ. சுற்றளவாகிக் காலுறை பாதத்தைப் பற்றாமல் தொளதொளக்கும். 35 ஆனால் 18.3 செ.மீ.யாகச் சுருங்கிக் குதிகாலைத் தாண்டி ஏற மறுக்கும்.

மாதிரித் துண்டிலிருந்து காலுறைக்குச் செல்வது, இந்தியத் தருக்க மரபின் சொல்லில், ஓர் அனுமானம். அதாவது, காணப்பட்ட ஒன்றைக்கொண்டு காணப்படாத ஒன்றை அறிதல். அறிவைப் பெறும் வழிகளை வடமொழி நூல்கள் பிரமாணம் என்றும், தமிழ்ச் சமய நூல்கள் அளவை என்றும் குறிக்கின்றன. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் சுபக்கம் தன் ஆராய்ச்சியை அளவை இயலிலிருந்தே தொடங்குகிறது. அனுமானம் நிற்க வேண்டுமானால் அதற்கு அடியில் வியாப்தி, அதாவது இரண்டு பொருள்கள் எங்கும் பிரியாமல் உடனிருக்கும் தொடர்பு, இருக்க வேண்டும். மலைமேல் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டு என்று துணிவது, புகை உள்ள இடமெல்லாம் நெருப்பும் உண்டு என்ற வியாப்தியின் வலிமையால். ஆனால் நெருப்பைக் கண்டு புகை உண்டு என்று துணிந்தால் அது பிழைபடும். ஏனெனில் நெருப்பு புகைவதற்கு ஈர விறகு தேவை. தொடர்பு உண்மையாவதற்கு மறைவாக நின்று உதவும் இத்தகைய நிபந்தனையை, நியாயம் என்னும் இந்தியத் தருக்க மரபினர் உபாதி என்றனர்.

பொருந்தாத காலுறைகளின் காரணங்களைத் தேடினால் அவற்றுட் பல இத்தகைய உபாதிகளே என்பது தெரியவரும். மாதிரித் துண்டு பெரும்பாலும் தட்டையாக, ஒரு வரிசை முன்னும் ஒரு வரிசை பின்னுமாகத் திருப்பித் திருப்பிப் பின்னப்படுகிறது. காலுறையோ குழாய்போல ஒரே திசையில் சுற்றிச் சுற்றிப் பின்னப்படுகிறது. முன்பக்கக் கண்ணியையும் பின்பக்கக் கண்ணியையும் பலருடைய கை ஒரே இறுக்கத்தில் பின்னுவதில்லை என்பதால், தட்டையான துண்டு சொன்ன எண் குழாய்க்குப் பொருந்துவதில்லை. அலசாத துண்டின் அடர்த்தி அலசிக் காய்ந்தபின் மாறுவதுண்டு. மனம் ஊன்றிப் பின்னிய சிறு துண்டில் இருந்த இறுக்கம், பேச்சிலும் பயணத்திலும் பல நாள் தொடரும் நீண்ட பின்னலில் இருப்பதில்லை. இவற்றில் எதுவும் கணக்குப் பிழையன்று. 22இலிருந்து 64 வரை ஒவ்வொரு படியும் சரியாகவே இருக்கும். துண்டுக்கும் காலுறைக்கும் இடையே இருப்பதாகக் கொள்ளப்பட்ட தொடர்பு, எவரும் கருதாத நிபந்தனைகளின் மேல் நின்றது என்பதே குறை.

இங்கே ஆழமான கேள்வி ஒன்று எழுகிறது. அளவு சரி என்பதை எதைக்கொண்டு அளப்பது? கௌதமரின் நியாய சூத்திரம், பிரமாணத்தை மெய்ப்பிக்க இன்னொரு பிரமாணம் வேண்டுமெனில் அது முடிவின்றி நீளுமே என்ற ஐயத்தை எதிர்கொள்ளும் இடத்தில், தராசை எடுத்துக்காட்டாகத் தருகிறது. பொன்னை நிறுக்கும்போது அளக்கும் கருவியாக இருக்கும் தராசு, ஐயம் எழுந்தால், எடை உறுதியான பொன்னால் தானே சோதிக்கப்படும் பொருளாகவும் ஆகும். ஒன்றே ஒரு நேரத்தில் அளவையாகவும் இன்னொரு நேரத்தில் அளக்கப்படுவதாகவும் இருப்பதில் முரண் இல்லை. இந்நூலுக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், அறிவின் உண்மை அவ்வறிவைப் பின்பற்றிச் செய்த செயல் பயன்படுவதிலிருந்து தெளிவாகிறது என்று காட்டினார். தண்ணீர் என்று கண்டது தண்ணீர்தானா கானல்நீரா என்பதைத் தாகம் தணிவதே தீர்க்கும். இந்நிலைப்பாட்டில், 64 என்ற எண் காலுறையை மெய்ப்பிப்பதில்லை. அணிந்து நடக்கத்தக்க காலுறையே அந்த எண்ணை மெய்ப்பிக்கிறது.

மீமாம்சை மரபின் குமாரில பட்டர் இதை மறுத்தார். அறிவு தன் உண்மைக்குப் பிறிதொன்றை எதிர்பார்த்தால் எந்த அறிவும் நிலைபெறாது. ஆகையால் ஒவ்வோர் அறிவும் தன்னளவில் உண்மையாகவே தோன்றுகிறது, அது பொய் என்பதே வெளியிலிருந்து தெரியவருகிறது என்பது அவர் கருத்து. பின்னுபவரின் நடைமுறையில் இக்கருத்துக்கும் இடமுண்டு. அளவுநாடாவை மற்றொரு நாடாவாலும், அதை வேறொன்றாலும் சோதித்துக்கொண்டே இருப்பவர் ஒரு கண்ணிகூடப் பின்ன முடியாது. முரண் தென்படும் வரை நாடாவையும் எண்ணையும் நம்பித்தான் கைகள் இயங்குகின்றன. இரு தரப்பும் ஒரே செயலின் இரு நேரங்களைப் பற்றிப் பேசுகின்றன எனலாம்: தொடங்குவதற்கு மீமாம்சகரின் நம்பிக்கையும், முடிந்ததை மதிப்பிடுவதற்கு நியாயவாதியின் சோதனையும் வேண்டியிருக்கின்றன. பிழை நேர்வது, முதலாவதற்கு உரிய நம்பிக்கையை இரண்டாவது நேரத்துக்கும் நீட்டும்போதுதான்.

அந்தப் பிழைக்கு முழு உருவம் கொடுத்தவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மறைந்த சீன அறிஞர் ஹான் ஃபெய். அவர் பெயரால் வழங்கும் நூலில், காலணி வாங்க விரும்பிய செங் நாட்டு மனிதன் ஒருவன் வீட்டில் தன் பாதத்தை அளந்துவைத்துவிட்டு, அந்த அளவை மறந்து சந்தைக்குப் போகிறான். காலணியைக் கையில் எடுத்தபின் நினைவுவந்து வீடு திரும்புகிறான். அளவோடு மீண்டு வரும்போது சந்தை கலைந்துவிடுகிறது. காலிலேயே போட்டுப் பார்த்திருக்கலாமே என்று கேட்டவரிடம், அளவை நம்பலாம், தன் காலை நம்ப முடியாது என்கிறான். முன்னோர் வகுத்தவற்றை நிகழ்கால நிலைமையோடு ஒப்பிடாமல் பின்பற்றுவோரை நோக்கியது இந்த அங்கதம். அம்மனிதனை வெறும் முட்டாள் என்று தள்ளிவிட முடியாது என்பதில்தான் கதையின் வலிமை இருக்கிறது. அளவு என்பது கால் இல்லாத இடத்தில் காலுக்குப் பதிலாக நிற்பது. தொலைவில் இருப்பவருக்குப் பின்னும்போதும், அடுத்த குளிர்காலத்துக்குப் பின்னும்போதும் அதைத் தவிர வேறு வழியில்லை. கால் எதிரே இருக்கும்போதும் அதன் பதிலியையே நாடுவதுதான் அவன் செய்த தவறு.

இதுவரை பொருத்தம் என்றால் அளவும் பொருளும் சமமாக இருத்தல் என்று கொள்ளப்பட்டது. காலுறையின் கணக்கு இக்கருத்தையே ஏற்பதில்லை. 22 செ.மீ. பாதத்துக்கு 22 செ.மீ. காலுறை பொருந்தாது, அது சுருக்கம் விழுந்து, காலணிக்குள் மடிந்து, கணுக்காலில் இறங்கிவிடும். பாதத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருந்து, அணியும்போது விரிந்து, விரிந்தபின்னும் தன் வடிவுக்கு மீள முயல்வதால்தான் காலுறை நிற்கிறது. நீளமாக ஓடும் ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்திருப்பதால் நெசவுத் துணிக்கு இல்லாத இந்த நெகிழ்வு பின்னலுக்குக் கிடைக்கிறது. ஆகவே உண்மை என்பது பொருளின் படி எடுத்தல் என்றும், நல்ல விதி என்பது பொருளின் வடிவத்தை அப்படியே பிரதிபலிப்பது என்றும் கூறும் கொள்கைகள், இச்சிறு பொருளின் முன்னேயே திருத்தம் வேண்டி நிற்கின்றன.

அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறநூலின் ஐந்தாம் பகுதியில், சட்டம் பொதுப்படப் பேசுவதாலேயே சில வழக்குகளில் குறைபடும் என்றும், அக்குறையை நிறைவுசெய்யும் நடுநிலை உணர்வு கண்டிப்பான சட்ட நீதியினும் மேலானது என்றும் வாதிட்டு, லெஸ்பாஸ் தீவின் கட்டடக் கலைஞர்கள் பயன்படுத்திய ஈய அளவுகோலை உவமை காட்டினார். அக்கோல் நிமிர்ந்து நில்லாமல் கல்லின் வடிவுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். செங் நாட்டு மனிதனின் நோய்க்கு இது மருந்துதான். எனினும் ஈயம் வளைந்தால் வளைந்தபடியே கிடக்கும். கல் எப்படி இருந்தாலும் அதற்கு உடன்படும். கல்லைப் பற்றிப்பிடிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. முற்றிலும் வளையும் விதி எல்லாச் செயலையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் எந்தச் செயலையும் நெறிப்படுத்தாது. இறுகிய கோலுக்கும் வளைந்த கோலுக்கும் அப்பால் மூன்றாவது ஒரு வகை உண்டு என்பதைப் பின்னல் காட்டுகிறது: பொருளுக்கு இடம் கொடுத்து விரிவது, விரிந்த நிலையிலும் தன் இழுப்பை விடாதிருப்பது. நோன்பும் துறவொழுக்கமும் இவ்வகை விதிகளே. மனிதர் இப்போது இருக்கும் நிலைக்குச் சமமாக வகுக்கப்பட்ட நோன்பு நோன்பாகாது. தாங்க முடியாத அளவுக்குக் குறுகியது உடலைக் கெடுக்கும்.

இந்த இழுப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை ஆராயும் சமயச் சான்று ஒன்று, தற்செயலாகப் பாதத்தைப் பற்றியதாகவே அமைந்திருக்கிறது. பௌத்தத் துறவியரின் ஒழுக்கநூலாகிய பாலி விநயபிடகத்தில் மகாவக்கத்தின் ஐந்தாம் பகுதி காலணி பற்றிய விதிகளைக் கூறுகிறது. செல்வக் குடியில் பிறந்து மென்மையாக வளர்ந்த சோணர் துறவு பூண்டு, கடும் முயற்சியோடு நடைதியானம் செய்தபோது பாதங்கள் புண்பட்டு, நடைபாதை குருதியால் நனைந்தது. பயன் காணாமல் இல்லறம் திரும்ப எண்ணிய அவரிடம், அவர் முன்பு வாசித்த வீணையை நினைவூட்டி, நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை பிறக்காது என்பதைப் புத்தர் உணர்த்தினார். பின்னர் அவருக்கு ஒற்றைத் தோலாலான காலணியை அனுமதித்தார். தமக்கு மட்டும் தரப்பட்ட அச்சலுகையைச் சோணர் ஏற்கவில்லை. சங்கம் முழுவதற்கும் அனுமதி கிடைத்தால் மட்டுமே அணிவதாகக் கூறினார். அவ்வாறே அது எல்லாத் துறவியர்க்கும் உரிய விதியாயிற்று. அதே பகுதியின் பிற்பாதியில், நிலம் கரடுமுரடாகவும் மாட்டுக் குளம்பால் மிதிபட்டு இறுகியும் இருந்த அவந்தி நாட்டு நிலைமை எடுத்துரைக்கப்பட்டு, எல்லைப்புற நாடுகளில் பல அடுக்குத் தோற்காலணி அனுமதிக்கப்படுகிறது.

இவ்விரண்டு அனுமதிகளும் விதிவிலக்கைக் கையாளும் முறை ஒன்றைக் காட்டுகின்றன. ஒரு பாதத்தின் புண் விதியின் குறையை வெளிப்படுத்தியது. ஆனால் திருத்தம் அந்தப் பாதத்தோடு நின்றுவிடாமல், அதுபோன்ற நிலையில் உள்ள எவருக்கும் பொருந்தும் புது விதியாக மாறியது. பிறகு நிலத்தின் இயல்பு வேறாக இருந்த இடத்தில் அப்புது விதியும் மறுபடி திருத்தப்பட்டது. குதிகால் பின்னும் முறையும் இவ்வாறே உருவானதாகத் தோன்றும். 64 கண்ணிகளில் பாதியான 32இல் மட்டும் முன்னும் பின்னுமாக 32 வரிசை பின்னி ஒரு மடல் அமைத்து, அதன் அடியை வளைத்துக் கிண்ணம்போல் ஆக்கி, மடலின் இரு ஓரங்களிலும் பக்கத்துக்கு 16 கண்ணிகளைப் புதிதாக எடுத்து, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் இரண்டிரண்டாகக் குறைத்து மீண்டும் 64க்கு வருவது பரவலான முறை. குதிகாலிலிருந்து பாதத்தின் மேற்புறம் வரை சாய்வாக எடுத்த சுற்றளவு பாதத்தின் மற்ற எவ்விடத்தையும்விட மிகுதி என்பதால், அங்கே மட்டும் துணி அகன்று பிறகு ஒடுங்க வேண்டியிருக்கிறது. மேற்புறம் உயர்ந்த பாதமெனில் மடலுக்கு இன்னும் சில வரிசைகள் கூட்டி, அதற்கேற்ப ஓரக் கண்ணிகளையும் கூட்டுவர். விலக்காகத் தோன்றியது விதிக்குள்ளேயே இடம்பெற்றுவிடுகிறது. அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் ஜிம்மர்மன் (1910–1999) கம்பளி மேற்சட்டைக்கு வகுத்த விழுக்காட்டு முறையும் இத்திசையில் ஒரு முன்னேற்றம். உடலின் சுற்றளவை நூறாகக் கொண்டு கை, கழுத்து முதலியவற்றை அதன் பங்குகளாகக் கணக்கிடும் அம்முறையில், நிலையான எண்களின் இடத்தைத் தகவுகள் பிடித்துக்கொள்கின்றன.

அப்படியானால் இறுதித் தீர்ப்பு எப்போதும் பாதத்துக்கே உரியதா? சுவாங்சி என்ற சீன ஞானியின் பெயரால் வழங்கும் நூல், பாதம் மறக்கப்பட்டிருப்பதே காலணி பொருந்தியிருப்பதன் அடையாளம் என்கிறது. உறுத்தாமையைப் பொருத்தத்தின் சான்றாகக் கொள்ளும் இக்கருத்து கவர்ச்சியானது. ஆனால் பழக்கமும் மறதியைத் தரும். அதே சீன நாட்டில் பிற்காலத்தில் தோன்றி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்த பாதம் கட்டும் வழக்கத்தில், காலணியின் அளவு முதலில் வகுக்கப்பட்டுச் சிறுமியரின் பாதங்கள் அதற்கேற்ப ஒடிக்கப்பட்டன. வளர்ந்தபின் கட்டு அவிழ்க்கப்பட்டால் அதுவும் வேதனை தந்தது. விதியால் உருமாற்றப்பட்ட பொருளிடம் விதி சரியா என்று கேட்டால் கிடைக்கும் விடை நம்பத்தக்கதன்று. இதற்கு எதிர்முனையில், நீரிழிவு நோயால் பாத நரம்புகள் உணர்விழந்தவருக்கு இறுக்கமும் உராய்வும் தெரிவதில்லை. அதனால்தான் இறுகிய மேற்பட்டை உள்ள காலுறையைத் தவிர்க்கவும், பாதங்களை நாள்தோறும் கண்ணால் பார்த்துச் சோதிக்கவும் மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். அங்கே மறக்கப்பட்ட பாதம் ஆபத்தில் இருக்கும் பாதம்.

ஆகவே உணர்வும் ஓர் அளவையே. பிற அளவைகளைப் போலவே அதுவும் சோதனைக்கு உட்பட்டது. பௌத்த தருக்கவியலார் திங்நாகர், காட்சிக்கும் அனுமானத்துக்கும் தனித்தனி எல்லைகள் உண்டு என்றும், ஒன்று அறிவதை மற்றொன்று அறியாது என்றும் கொண்டார். நியாய மரபினரோ ஒரே பொருளைப் பல அளவைகள் அறியக்கூடும் என்றனர்; இதற்குப் பிரமாண சம்பிலவம், அதாவது அளவைகள் ஒன்றன்மேல் ஒன்று கூடுதல், என்று பெயர். பொருத்தத்தைப் பொறுத்தவரை இரண்டாவது கருத்தே வலிமையுடையதாகத் தெரிகிறது. காலின் உணர்வு சொல்லாததைத் தோலில் பதிந்த சிவந்த கோடு சொல்லும். கோடு விழாத இடத்திலும், சில மாதங்களில் குதிகாலில் நூல் தேய்ந்து மெலிந்திருப்பது அங்கே துணி நழுவி உராய்ந்ததைக் காட்டும். காலையில் பொருந்தியது மாலையில் பாதம் சற்று வீங்கியபின் இறுகுவது, எடுத்த அளவு எந்த நேரத்துக்குரியது என்ற கேள்வியை எழுப்பும். இவற்றில் ஒன்று தவறும்போது மற்றொன்று திருத்துகிறது; எதுவும் மற்றவற்றுக்கு என்றென்றைக்கும் தலைவனாக இருப்பதில்லை.

இதனால் விதியை மறுக்கும் முடிவும் கிடைப்பதில்லை, விதியை வழிபடும் முடிவும் கிடைப்பதில்லை. பொருந்தாத காலுறையை முன்வைத்துப் பாதத்தைக் குறைகூறுவது செங் நாட்டு மனிதனின் வழி. எண்ணே வீண் என்று கைவிடுவது, ஒவ்வொரு பாதத்துக்கும் முதலிலிருந்தே தடுமாறத் தொடங்கும் வழி. பின்னலுக்கு நெசவுக்கு இல்லாத இன்னொரு நற்பேறும் உண்டு: வெட்டப்படாத நூல் என்பதால் அதைப் பிரித்துச் சுற்றி மீண்டும் பின்னலாம், முன்செய்த பிழைக்கு நூல் இரையாவதில்லை. ஆனால் பிரிப்பது மட்டும் அறிவாகாது. அடுத்த முறை 64க்குப் பதில் 60 என்று குறித்துவைப்பதும், ஏன் 60 என்பதற்கான காரணத்தைச் சேர்த்துக் குறிப்பதும், அக்காரணம் இல்லாத பாதத்துக்கு 64க்கே திரும்புவதும் சேர்ந்தால்தான் பிழை பிறருக்கும் பயன்படும் விதியாகிறது. தமக்குக் கிடைத்த சலுகையைச் சங்கத்தின் விதியாக்கும்படி சோணர் கேட்டதன் பொருளும் இதுவே. தனிப்பொருளுக்குச் செவிசாய்க்காத விதி கொடுமையாகும். விதியாக மாறாத சலுகை ஒருவரின் நலத்தோடு நின்றுபோகும். பொருத்தம் என்பது இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்து திருத்திக்கொள்வதால் கிடைப்பது. அத்திருத்தம் எந்த அறநூலில், எந்த ஒழுக்கத்தில் நின்றுபோகிறதோ, அங்கே அளவு சரியாக இருக்கும்போதே பாதம் புண்படத் தொடங்கும்.